பார்த்துப் பார்த்துத் தேய்ந்த கதவு

சோப்புக் கம்பெனி தன் விளம்பரத்தை நிறுத்திக்கொண்ட மறு வாரத்திலிருந்து லிஃப்ட் மெக்கானிக் வீட்டு வாசல் கதவு தேய ஆரம்பித்தது. யாரும் அதைச் சுரண்டவில்லை, கரையானும் அரிக்கவில்லை. நல்ல கெட்டியான மரக் கதவு. பச்சைப் பெயின்ட், பித்தளைக் கைப்பிடி, கீழே முழங்கால் உயரத்தில் அந்த வீட்டுச் சின்னப் பெண் ஒட்டிவைத்த வாத்து ஸ்டிக்கர். பெயின்ட் போகவில்லை, வாத்தும் போகவில்லை, நடுவில் இருந்த மரம் மட்டும் குறைந்துகொண்டே வந்தது. முதலில் நிலைக்கும் கதவுக்கும் நடுவே விரல் நுழைகிற அளவுக்கு இடைவெளி விழுந்தது. பிறகு தாழ்ப்பாளின் திருகாணி முனைகள் மறுபக்கம் எட்டிப் பார்த்தன. தச்சரைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். அவர் கதவைத் தடவிப் பார்த்தார், குனிந்து தரையைப் பார்த்தார், "யாரோ இழைச்சிருக்காங்க, ஆனா ஒரு மரச்சுருளைக்கூடக் காணோமே" என்று தலையைச் சொறிந்தார். குட்டைத் திருகாணிகளாகப் பார்த்துப் போட்டுவிட்டு, காபியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

சோப்புக்கும் கதவுக்கும் என்னய்யா சம்பந்தம் என்று கேட்பீர்கள். சம்பந்தம் இருக்கிறது. அதற்கு இடைவேளைக்காரரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவர் ஒரு தொலைக்காட்சி நிலையத்தில் வேலை பார்த்தார். நிகழ்ச்சிகளுக்கு நடுவே எந்த விளம்பரம், எந்த வரிசையில், எவ்வளவு நேரம் என்று அடுக்கிக் கொடுப்பது அவர் பொறுப்பு. சோப்புக்குப் பின்னாலேயே இன்னொரு சோப்பு வரக் கூடாது, கொசு மருந்துக்குப் பக்கத்தில் பிஸ்கட் வரக் கூடாது, ஆஸ்பத்திரி விளம்பரத்தை ஒட்டி ஆயுள் காப்பீடு வரவே கூடாது. இதெல்லாம் அவருக்கு அத்துப்படி. ஆபீசில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. வீட்டிலும் மனைவிக்குக் கோபம் வந்தால், "வந்துட்டாரு இடைவேளைக்காரரு" என்பதுதான். மனைவி மருந்துக் கடையில் கவுன்ட்டரில் நிற்பவர். டாக்டர்களின் கையெழுத்தையே படித்துவிடும் அவருக்குத் தன் கணவரைப் படிக்கக் கண்ணாடிகூடத் தேவைப்படவில்லை.

அந்த நிலையத்தில் "பக்கத்து வீடு" என்று ஒரு நிகழ்ச்சி. வருடத்துக்கு ஒரு குடும்பம். கேமரா அவர்கள் வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு அவர்கள் சண்டை போடுவதையும் சாப்பிடுவதையும் காட்டும். முதல் வருடம் ஒரு பேக்கரிக் குடும்பம், அடுத்த வருடம் இரட்டைப் பிள்ளைகள் இருந்த ஒரு வீடு. மூன்றாவதாக வந்தது லிஃப்ட் மெக்கானிக்கின் குடும்பம். அவர், கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் அவர் மனைவி, இரண்டு பெண் பிள்ளைகள். முஸ்லிம் குடும்பம். அதற்காக ஒன்றும் அவர்களைத் தேர்ந்தெடுக்கவில்லை. டிரைவிங் டீச்சர், பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொள்பவர்களைப் பார்த்து, "பிரேக்கு, பிரேக்கு, அய்யோ அது ஹாரன்!" என்று கத்துகிற கத்தலைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுத்தார்கள். ஜனங்களுக்கும் பிடித்துப்போனது. லிஃப்ட் மெக்கானிக் ஒற்றைச் சாக்ஸைக் கையில் வைத்துக்கொண்டு அதன் ஜோடியை வீடு முழுக்கத் தேடுவார். பெரியவள் முடியை வெட்டிக்கொள்ள வேண்டும் என்று அடம்பிடிப்பாள். தொழுகைப் பாயை விரித்துவிட்டு அம்மா திரும்புவதற்குள் சின்னவள் அதில் படுத்து உருளுவாள். இவ்வளவுதான் நிகழ்ச்சி. இதைப் பார்த்து ஊரே சிரித்தது.

அந்தச் சிரிப்புதான் ஒருவருக்குப் பொறுக்கவில்லை. கடைகளில் தராசு சோதிக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர் அவர். சோதிக்க ஒன்றும் இல்லாமல் கை நமநமவென்று இருந்த காலத்தில் விழிப்புச் சங்கம் என்று ஒன்றைத் தொடங்கியிருந்தார். சங்கம் என்றால் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். அவர், அவருடைய மச்சான், ஒரு போன். அவ்வளவுதான் சங்கம். எந்த வீட்டிலாவது இவ்வளவு சிரிப்பார்களா, எதையோ மறைக்கிறார்கள், இவர்கள் மறைக்கிறார்கள் என்றால் அது என்னவாக இருக்கும் என்று உங்களுக்கே தெரியுமே, இப்படிப்பட்டவர்கள் வீட்டில் உங்கள் சோப்புக்கு என்ன வேலை என்று சோப்புக் கம்பெனிக்குப் போன் போட்டுக் கேட்டார். சாப்பிட்டுவிட்டுத் தூங்கி வழிந்துகொண்டிருந்த ஓர் அதிகாரி போனை எடுத்திருக்கிறார். வம்பு வேண்டாம் என்று நினைத்திருக்கிறார். மறுநாள் கம்பெனி அறிவித்தது: நாங்கள் யாருக்கும் எதிரானவர்கள் அல்ல, எல்லோருடைய உணர்வுகளையும் மதிக்கிறோம், ஆகவே இந்த நிகழ்ச்சியிலிருந்து விலகிக்கொள்கிறோம். அந்த எல்லோரில் லிஃப்ட் மெக்கானிக் வீட்டு நாலு பேர் மட்டும் சேரவில்லை போலிருக்கிறது.

விளம்பரம் போனால் போகட்டும், அது விட்டுப்போன நேரம் எங்கே போகும்? நிகழ்ச்சியை வெட்டி ஒட்டி அனுப்பியாகிவிட்டது. இடைவேளையின் நீளம் முடிவு செய்தது செய்ததுதான். திரை கொஞ்ச நேரம் கறுப்பாக நின்றாலே ஒளிபரப்பு அறையில் மணி அடித்து எல்லோரும் எழுந்து ஓடுவார்கள். எதையாவது போட்டு நிரப்பியே ஆக வேண்டும். மற்ற நிலையங்களில் அருவியைப் போடுவார்கள், காற்றில் ஆடும் பூவைப் போடுவார்கள். இடைவேளைக்காரருக்கு அது பிடிக்காது. அருவியைக் கண்டால் ஜனங்கள் வேறு சேனலுக்குத் தாவிவிடுவார்கள், நிரப்புவதும் அதே நிகழ்ச்சியிலிருந்து வர வேண்டும் என்பது அவர் கொள்கை. படப்பிடிப்பில் கழித்துப்போட்ட துண்டுகளை உட்கார்ந்து தேடினார். சாக்ஸ் தேடுவதைப் போட்டால் சங்கத்துக்காரர் கத்துவார். சமையலறையைப் போட்டால் அதற்கும் ஏதாவது சொல்வார். கடைசியில் கேமராக்காரர் வெளிச்சம் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதற்காக எடுத்த ஒரு துண்டு கிடைத்தது. மூடிய வாசல் கதவு. ஆள் இல்லை, பேச்சு இல்லை, யார் மனமும் புண்படாது. ஆகா, இதல்லவா என்று அதை எடுத்துப் போட்டார். அன்றைக்கு வீட்டுக்குப் போய், ரொம்ப சாமர்த்தியமான காரியம் ஒன்று செய்தேன் என்று மனைவியிடம் பெருமையடித்துக்கொண்டும் இருந்திருக்கிறார்.

சோப்பைப் பார்த்து பிஸ்கட் போனது. பிஸ்கட்டைப் பார்த்து மெத்தை, மெத்தையைப் பார்த்து டயர். எல்லாம் அந்த ஒரே போன்தான். அறிவிப்பும் வார்த்தை மாறாமல் அதேதான், கம்பெனிப் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டார்கள். ஒவ்வொன்றும் விட்டுப்போன இடத்தில் இடைவேளைக்காரர் கதவைப் போட்டார். முதலில் கண் சிமிட்டுகிற நேரம் தெரிந்த கதவு, பிறகு இருமி முடிக்கிற நேரம் தெரிந்தது, பிறகு எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாலும் அங்கேயே நின்றது. மூடிய கதவை அவ்வளவு நேரம் யாராலும் சும்மா பார்த்துக்கொண்டிருக்க முடியாது. உள்ளே என்ன நடக்கிறது என்ற யோசனை வந்தது. நிகழ்ச்சியில் சிரித்துக்கொண்டிருந்தவர்கள் இடைவேளையில் சிரிப்பை நிறுத்தினார்கள். கைப்பிடி ஏன் இவ்வளவு பளபளக்கிறது, யார் யார் வந்து போகிறார்கள் என்று ஒருவர் கேட்டார். அந்த வாத்து ஏன் இடது பக்கம் பார்க்கிறது என்று இன்னொருவர் கேட்டார். இதைப் பற்றி விளக்கம் சொல்ல ஆட்கள் கிளம்பினார்கள். வாத்தைப் பற்றி மட்டும் ஒருவர் ஒரு மணி நேரம் பேசினார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

நிகழ்ச்சியைப் பார்ப்பவர்களைவிட இடைவேளையைப் பார்ப்பவர்கள் அதிகமாகிவிட்டார்கள் என்று தெரிந்தபோது மேலாளர் ஆச்சரியப்படவில்லை. எதற்கும் "சரி, சரி" என்பார், அதனால் சரிசரி சார் என்று பெயர். ஜனங்களுக்குக் கதவுதான் வேண்டும் என்றால் கதவையே கொடுப்போம் என்று சாக்ஸ் தேடும் காட்சியை வெட்டினார். அடுத்த வாரம் பெரியவள் முடிவெட்டக் கேட்டு அடம்பிடிக்கும் காட்சி போனது. அதற்கடுத்த வாரம் டிரைவிங் டீச்சரின் கத்தல் போனது. மழைக்காலம் வருவதற்குள் "பக்கத்து வீடு" முழுக்க முழுக்க ஒரு மூடிய கதவாகிவிட்டது. பெயர் அதேதான், நேரமும் அதேதான். குடும்பம்தான் அதில் இல்லை.

கதவு தேய்கிற விஷயம் இடைவேளைக்காரருக்கு மனைவி சொல்லித்தான் தெரியும். மனைவி அந்த டிரைவிங் டீச்சரிடம்தான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டிருந்தார். ஒரு நாள் வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல், "ஏங்க, நீங்க டிவியில காட்டுறீங்களே, டீச்சர் வீட்டுக் கதவு, அது தேயுதாம். இரும்புக் கதவு போட்டாங்களாம், அதுவும் தேயுதாம்" என்றார்.

"இரும்பு எப்படித் தேயும்? துரு பிடிச்சிருக்கும்."

"துரு இல்லீங்க. பார்த்துப் பார்த்தே தேயுதுன்னு டீச்சர் சொல்றாங்க. ஊர்க்கண்ணு மொத்தமும் அது மேலதானே இருக்கு. நீங்கதானே கொண்டுபோய் வெச்சீங்க?"

இடைவேளைக்காரருக்குச் சுருக்கென்றது. மறுநாள் ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு அந்தத் தெருவுக்குப் போனார். எதிர்ப்பக்கம் ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். கத்தவில்லை, கல் எறியவில்லை, அவரவர் வேலைக்குப் போகும் வழியில் வந்து கொஞ்ச நேரம் நின்று கதவைப் பார்த்துவிட்டுப் போனார்கள். சிலர் மடக்கு நாற்காலி கொண்டுவந்திருந்தார்கள். தண்ணீர் பாட்டில் விற்பவர் ஒருவர் அங்கேயே கடை போட்டிருந்தார். விழிப்புச் சங்கத் தலைவரும் அவர் மச்சானும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். மச்சான் குட்டித் தூக்கம் போட்டுக்கொண்டிருந்தார். இரும்புக் கதவு தகரமாகி, தகரம் காகிதமாகியிருந்தது. சின்னவள் புதிதாக ஒட்டிய வாத்து அதில் வெயிலைப் பிடித்துக்கொண்டு நின்றது. உள்ளே யாரோ துணி மடிப்பது நிழலாகத் தெரிந்தது. அந்த நிழல் கையைத் தூக்கினால் எதிர்ப்பக்கத்தில் எல்லாத் தலைகளும் நிமிர்ந்தன. இடைவேளைக்காரர் கதவைத் தட்டக் கை வைத்தவர், கிழிந்துவிடுமோ என்று பயந்து கையை எடுத்துக்கொண்டு, தொண்டையைக் கனைத்தார்.

டிரைவிங் டீச்சர் அவரை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார். லிஃப்ட் மெக்கானிக் ஒரு மூலையில் கருவிப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இப்போதெல்லாம் அவர் ரிப்பேர் பார்த்துக் கொடுத்த லிஃப்டில் யாரும் ஏறுவதில்லை, ஆறு மாடியானாலும் மூச்சு வாங்கிக்கொண்டு படியிலேயே ஏறிப்போகிறார்கள் என்று சொல்லிவிட்டு, அதை ஒரு வேடிக்கை போலச் சிரிக்கப் பார்த்தார், சிரிப்பு வரவில்லை. போலீசுக்குப் போனார்களாம். இன்ஸ்பெக்டர் நல்ல மனிதர்தான். பார்ப்பது குற்றமா, கதவு தேய்ந்ததற்கு எந்தப் பிரிவில் வழக்குப் போடுவது என்று கேட்டுவிட்டு, கொஞ்ச நாள் எங்கேயாவது போய் இருந்துவிட்டு வாருங்களேன் என்றாராம். எங்கே போவது? ஊரில் இருந்த அவர்கள் உறவுக்காரர்கள் எல்லோரும் காலையில் எழுந்ததும் முதல் வேலையாகத் தங்கள் வீட்டுக் கதவை விரலால் சுண்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இடைவேளைக்காரர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அந்தக் கதவுக் காட்சியைத் தேடி எடுத்துப் போட்டது நான்தான் என்று சொன்னார்.

டீச்சர் மடித்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தார். "எத்தனை காட்சி எடுத்தாங்க சார் எங்க வீட்டுல. போயும் போயும் கதவா கெடச்சுது? எங்க மூஞ்சியப் போட்டிருக்கலாம்ல. மூஞ்சிய எவ்வளவு நேரம்தான் முறைச்சுட்டிருப்பாங்க? ஏதோ ஒரு நேரத்துல சிரிப்பு வந்துடும். கதவைக் காட்டினா உள்ள என்ன இருக்குன்னு அவனவன் இஷ்டத்துக்கு நினைச்சுக்குவான்."

"யாருக்கும் வருத்தம் வரக் கூடாதுன்னு பார்த்தேன்மா."

"யாருக்கும்னா, யாருக்கு சார்?" என்று கேட்டார். அவரே பேச்சை மாற்றினார். "பயமா இருக்கு சார். எனக்கு ரோட்டுல லாரி எதிர்ல வந்தாக்கூடப் பயம் கெடயாது. சின்னவ இப்பல்லாம் பாத்ரூம்லதான் உட்கார்ந்து ஹோம்வொர்க் எழுதறா. வீட்டுலயே அந்தக் கதவு ஒண்ணுதான் கெட்டியா இருக்காம்." பாத்ரூமுக்குள்ளிருந்து, ஏழாம் வாய்ப்பாட்டை அடக்கிய குரலில் ஒப்பிக்கிற ஒரு முணுமுணுப்பு கேட்டது. இடைவேளைக்காரரால் அதற்குமேல் அங்கே உட்கார முடியவில்லை.

அந்த வாரம் அவர் கதவை எடுத்துவிட்டு அருவியைப் போட்டார். நிலையத்துப் போன்கள் எல்லாம் ஒரே நேரத்தில் அலறின. எதை மறைக்கிறீர்கள், கதவைக் காட்டுங்கள் என்றார்கள். சரிசரி சார் வாழ்க்கையில் முதல் முறையாக "என்னய்யா இது" என்றார். கதவு திரும்பி வந்தது. டீச்சர் சொன்னது மனதில் கிடந்ததால், யாருக்கும் தெரியாமல் நடுவில் சின்னவளின் முகத்தைச் செருகிப் பார்த்தார். பல் விழுந்த இடத்தைக் கண்ணாடியில் பார்த்துக்கொள்கிற ஒரு சின்னத் துண்டு. மிச்சமிருந்த பெயின்ட் கம்பெனியும் காப்பீட்டுக் கம்பெனியும் அன்றைக்கே விலகிக்கொண்டன. அவர்கள் நேரத்தையும் கதவே எடுத்துக்கொண்டது. இன்னும் ஒரு வாரம் போனால் அந்த வீட்டு வாசலில் ஒன்றுமே மிஞ்சாது என்று கணக்குப் போட அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. வாசலில் ஒன்றும் இல்லாத அன்றைக்கு எதிர்ப்பக்கத்து நாற்காலிகள் ரோட்டைக் கடந்து வரும் என்பதும் தெரிந்தது.

என்ன செய்யலாம் என்று கேட்டவுடன் மனைவிதான் வழி சொன்னார். "ஜனங்களுக்கு ஒரு கதவு வேணும். யார் வீட்டுக் கதவுன்னு உத்துப் பார்க்கவா போறாங்க? நம்ம கதவைக் காட்டுங்க."

"நம்ம கதவும் தேஞ்சு போயிடும்."

"போகட்டும். இது நாமளே கேட்டு வாங்கிக்கறதுதானே, அவங்க கேட்டா வாங்கினாங்க?" என்று சொல்லிவிட்டு, வேலையிலிருந்து திரும்பும்போது பச்சைப் பெயின்ட் ஒரு டப்பா வாங்கிக்கொண்டு வந்தார். இரண்டு பேரும் சேர்ந்து பூசினார்கள். மனைவி ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை, இடைவேளைக்காரர்தான் தரையெல்லாம் சிந்தினார். பித்தளைக் கைப்பிடி கிடைத்தது. வாத்துக்காக மனைவி டிரைவிங் வகுப்புக்குப் போனபோது சின்னவளிடம் கேட்டார். எதற்கு என்று அவள் கேட்கவில்லை. தன்னிடம் இருந்த அட்டையிலிருந்து ஒன்றை உரித்துக் கொடுத்து, இடது பக்கம் பார்க்கிற மாதிரி ஒட்டணும் ஆன்ட்டி, இல்லேன்னா அதுக்குக் கழுத்து வலிக்கும் என்று சொல்லி அனுப்பினாள். கேமராக்காரர் ஒரு மத்தியானம் வந்து படம் எடுத்துக் கொடுத்தார். அந்த வாரத்திலிருந்து நாடு முழுக்கப் பார்த்தது இடைவேளைக்காரர் வீட்டுக் கதவை.

ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. தெரியவில்லை என்றால் பரவாயில்லை, புதிதாகக் கண்டுபிடிக்கவும் செய்தார்கள். கதவின் மேல் மூலையில் மனைவி பூசாமல் விட்ட ஓர் இடம் இருந்தது. அதைப் பார்த்து, ஆரம்பத்திலிருந்தே எங்களுக்குச் சந்தேகம்தான் என்றார்கள். விழிப்புச் சங்கத் தலைவர் அந்தத் திட்டைப் பெரிதாக்கிப் படம் போட்டு மச்சான் கையில் கொடுத்து ஊர் முழுக்க ஒட்டவைத்தார். டிரைவிங் டீச்சர் வீட்டு இரும்புக் கதவு காகித கனத்தில் அப்படியே நின்றுவிட்டது. அதற்குமேல் ஒரு நூலும் குறையவில்லை. இந்தப் பக்கம் இடைவேளைக்காரர் வீட்டுக் கதவு மளமளவென்று தேய்ந்தது. கைப்பிடி கனம் தாங்காமல் ஒரு நாள் காலையில் தானாகக் கழன்று விழுந்தது. அதற்கப்புறம் பெயின்ட் மட்டும் கொஞ்ச நாள் தொங்கியது. கடைசியில் அதுவும் போய், வாத்து தரையில் கிடந்தது.

பிறகு போட்ட கதவு எதுவும் அந்த வாசலில் நிற்கவில்லை. பலகை, இரும்பு, பிளாஸ்டிக், எதை மாட்டினாலும் ஒரு வாரத்தில் காணாமல் போனது. புருஷனும் பெண்டாட்டியும் பயந்துகொண்டுதான் இருந்தார்கள். திறந்த வாசலுக்கு நேராக அலமாரியை இழுத்துப் போட்டார்கள், பாத்திரங்களைக் குறுக்கே அடுக்கினார்கள், முறை வைத்துக்கொண்டு கண்விழித்தார்கள். யாரும் வரவில்லை. எதிர்ப்பக்கத்தில் ஒருவரும் நாற்காலி போடவில்லை. ஒரு மாதம் போனது, அலமாரியைப் பழைய இடத்துக்குத் தள்ளினார்கள். இரண்டு மாதம் போனது, பாத்திரத்தை எடுத்தார்கள். தபால்காரர் நேராகச் சமையலறை வரைக்கும் வந்து தபாலைக் கொடுத்துவிட்டுப் போகப் பழகிக்கொண்டார். ஒரு பூனை குட்டி போட்டது. திருடன்கூட வரவில்லை என்றால் என்ன சொல்வது! நாடே முறைத்துப் பார்த்து முறைத்துப் பார்த்து ஒரு கதவை ஒன்றுமில்லாமல் ஆக்கியது, அந்தக் கதவு இருந்த வீட்டைத் தெருவில் போன ஒரு மனிதர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. மனைவிக்கு அதில் நிம்மதி. இடைவேளைக்காரருக்குத்தான் அது முள்ளாகக் குத்தியது. "நம்மள ஏன்டி யாருமே பார்க்க மாட்டேங்கறாங்க?" என்று சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு ஒரு நாள் கேட்டார். மனைவி தட்டை அவர் பக்கம் நகர்த்திவைத்தார். இரண்டு பேருக்கும் பதில் தெரிந்ததுதான்.

நிகழ்ச்சி அந்த வருடக் கடைசியில் நின்றது. யாரும் போராடி நிற்கவில்லை. தராசுக்காரருக்கு வேறு ஒரு விஷயத்தில் சந்தேகம் வந்தது, அவர் போன் அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. கம்பெனிகள் திரும்பி வந்தன, சோப்பும் பிஸ்கட்டும் வேறு குடும்பங்களின் வீட்டில் சிரித்தன. டிரைவிங் டீச்சர் வீட்டு எதிரில் மட்டும் நாற்காலிகள் குறைந்தனவே தவிர, தீரவில்லை. டிவியில் காட்டாவிட்டால் என்ன, தெருவும் வீடும்தான் எல்லோருக்கும் தெரியுமே. இரண்டு பேராவது எப்போதும் நிற்பார்கள். காகிதக் கதவுக்குப் பின்னால் நாலு நிழல்களும் சுவரை ஒட்டியே நடக்கப் பழகிக்கொண்டன. நிழல் விழாத இடம் எது என்று சின்னவளுக்கு மனப்பாடம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்த நாலு பேரும் இடைவேளைக்காரர் வீட்டுக்கு வந்தார்கள். மனைவி லைசென்ஸ் வாங்கியதற்கு ஒரு காபி, அவ்வளவுதான். டீச்சர் வாசலில் வந்து நின்று, நிகழ்ச்சி நின்ற பிறகும் எந்தக் கதவும் தங்காத அந்த இடத்தைப் பார்த்தார். நிலையைக் கையால் தொட்டுப் பார்த்தார். தலைமுக்காட்டைச் சரிசெய்துகொண்டு உள்ளே வந்து உட்கார்ந்தவர், காபியைக் கையில் வைத்துக்கொண்டு தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். சைக்கிளில் ஒருவர் போனார். காய்கறிப் பையோடு இரண்டு பெண்கள் பேசிக்கொண்டே போனார்கள். ஒருவர் வாசலுக்கு நேர் எதிரில் நின்று செருப்பில் குத்திய கல்லை எடுத்தார், நிமிர்ந்தார், போய்விட்டார்.

"இவ்வளவு தெறந்து கெடக்கு, ஒருத்தரும் பார்க்கலையே சார்" என்றார் டீச்சர். கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டது. துடைக்கவில்லை. "தப்பா நினைச்சுக்காதீங்க. ஒரு மணி நேரம் நாங்க இங்க படுத்துத் தூங்கிக்கட்டுமா? நாங்க நாலு பேரும் ஒண்ணாத் தூங்கி ரொம்ப நாளாச்சு."

மனைவி எழுந்து போய்ப் பாய் விரித்தார். லிஃப்ட் மெக்கானிக் சட்டைப் பித்தானைக்கூடக் கழற்றாமல் படுத்தவர், தலையணையில் தலை படுவதற்குள் குறட்டை விட்டார். பெரியவள் சுவர்ப் பக்கம், சின்னவள் நடுவில், கையையும் காலையும் நாலு பக்கமும் பரப்பிக்கொண்டு. டீச்சர் தூக்கத்தில் காலால் பிரேக்கை மிதித்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் தெருவில் போன ஒருவர் நடையைத் தளர்த்தினார். போனவர் திரும்பி வந்தார். வாசலுக்கு நேராக நின்று, உள்ளே தூங்குகிற பெண்ணின் தலைமுக்காட்டைப் பார்த்தார். அந்த வீட்டை முதன்முதலாக ஒருவர் பார்த்தார். இடைவேளைக்காரர் சத்தம் வராமல் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய், திறந்து கிடந்த வாசலின் நடுவில் போட்டு, தெருவைப் பார்க்க உட்கார்ந்தார். நல்ல பருமனான ஆள். வாசலில் பாதிக்குமேல் அடைபட்டுவிட்டது.

அதிலிருந்து ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவர்கள் தூங்க வருகிறார்கள், அவர் நாற்காலியில் உட்காருகிறார். முதலில் ஒருவர் பார்த்தார், பிறகு பத்துப் பேர், இப்போது எதிர்ப்பக்கத்தில் மடக்கு நாற்காலிகளும் வந்துவிட்டன, தண்ணீர் பாட்டில் விற்பவரும் வந்துவிட்டார். தெருக்காரர்களுக்குப் பழகிவிட்டது. இடைவேளைக்காரர் முன்னைப்போல் இல்லை, இளைத்துவிட்டார். சாப்பாடு குறையவில்லை, வியாதி ஒன்றும் இல்லை. சாயங்கால வெயில் எதிரிலிருந்து அடிக்கும்போது அவர் சட்டைப் பித்தான்கள் முதுகுப் பக்கத்திலிருந்தும் தெரிகின்றன, பாயில் படுத்திருக்கும் பிள்ளைகள் மேல் அவர் நெஞ்சு வழியாக வெளிச்சம் விழுகிறது. முகத்தில் வெயில் பட்டால் சின்னவள் எழுந்துவிடுவாள் என்று மனைவி மட்டும் குறுக்கே ஒரு துண்டைப் பிடித்துக்கொள்கிறார். ஒரு தடவை டாக்டரிடம் காட்டிவிட்டு வந்துவிடலாம், கிளம்புங்கள் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவி அவர் காதருகே போய்ச் சொன்னார்.

இடைவேளைக்காரர் தெருவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "மெதுவாப் பேசு. அவங்க எந்திரிக்கட்டும், போலாம்" என்றார்.